புண்பட்ட மேனியும் பிரபுவின் அணைப்பும்: ஸ்ரீ சனாதன கோஸ்வாமி

பிருந்தாவனத்து ஆறு கோஸ்வாமிகள் என்று வைணவ உலகம் போற்றும் அருளாளர்களுள் மூத்தவர் ஸ்ரீ சனாதன கோஸ்வாமி. வங்கத்தில் வளர்ந்து விரஜ பூமியில் நிறைவெய்திய அவருடைய குலத்தின் வேர் கர்நாடகத்தில் இருந்தது என்பதைப் பெங்களூரிலும் மைசூரிலும் வாழும் அன்பர்களுள்கூடப் பலர் அறிந்திருக்கமாட்டார்கள்.

அரசவையில் உயர்ந்த அமைச்சர், சாத்திரங்களைக் கரைகண்ட பண்டிதர், அனைத்தையும் உதறிய துறவி, பக்தி நெறிக்கு இலக்கணம் வகுத்த நூலாசிரியர் என்று அவரைப் பலவாறு போற்றுவர். அவரது வாழ்வில் அதிகம் பேசப்படாத கட்டம் ஒன்றும் உண்டு. மேனியெங்கும் சொறி படர்ந்து, புண்களிலிருந்து நீர் கசிந்து, தம் உடலையே தாம் வெறுத்து, உயிரை மாய்த்துக்கொள்ளவும் அவர் துணிந்த காலம் அது. ஸ்ரீ சைதன்யரின் வரலாற்றை எழுதிய கிருஷ்ணதாச கவிராஜர் அதை மூடி மறைக்கவில்லை. சைதன்ய சரிதாம்ருதத்தின் அந்திய லீலைப் பகுதியில் 4-ஆம் அத்தியாயத்தை அதற்கென்றே ஒதுக்கினார். தோல் நோயுற்றவர் உள்ளத்தில் படும் பாடு எத்தகையது, அவரைச் சூழ்ந்திருப்போர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்னும் இரண்டையும் அந்த அத்தியாயம் நமக்குக் கற்பிக்கிறது.

கர்நாடக வேர்

சனாதனரின் தம்பி மகனும் பெரும் தத்துவ அறிஞருமான ஜீவ கோஸ்வாமி தம் குல வரலாற்றைக் குறித்து வைத்துள்ளார். அதன்படி, கர்நாடக தேசத்தில் பரத்வாஜ கோத்திரத்தில் தோன்றிய சர்வக்ஞர் என்னும் யஜுர்வேத அந்தணர் அரசராகவும் விளங்கினார். அவருடைய பெயரர் ரூபேசுவரர் தாயாதிச் சண்டையில் நாட்டை இழந்து கிழக்கு நோக்கிச் சென்றார். ரூபேசுவரரின் மகன் பத்மநாபர் கங்கைக் கரையை அடைந்து நைஹாட்டியில் குடியேறினார். அந்த மரபில் வந்த குமாரதேவருக்குப் பிறந்த புதல்வர்களுள் மூவர் வைணவ உலகில் புகழ்பெற்றனர். மூத்தவர் சனாதனர். அடுத்தவர் ரூபர். இளையவர் வல்லபர். அனுபமர் என்றும் வழங்கப்பெற்ற இந்த வல்லபரின் மகனே ஜீவ கோஸ்வாமி. சனாதனர் பிறந்தது 1488-ஆம் ஆண்டளவில் என்பர்.

அக்காலத்தில் வங்கத்தை ஆண்டவர் சுல்தான் அலாவுதீன் ஹுசைன் ஷா (1494–1519). தலைநகரான கௌடத்தின் அருகே, இன்றைய மால்டா மாவட்டத்திலுள்ள ராமகேலியில் சகோதரர்கள் வாழ்ந்தனர். அவர்களின் கல்வியையும் நிர்வாகத் திறமையையும் கண்ட சுல்தான் உயர் பதவிகளை அளித்தார். சனாதனருக்கு சாகர மல்லிக் என்ற பட்டம் கிடைத்தது. செல்வமும் செல்வாக்கும் பெருகின. ஆயினும் வேற்று மதத்து அரசருக்குப் பணிபுரிந்ததால், அன்றைய அந்தண சமூகத்தின் கண்ணில் தாம் குலநெறி வழுவியவர்கள் என்ற எண்ணம் சகோதரர்களின் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது. பிற்காலத்தில் நோய் வந்தபோது சனாதனரின் வேதனையை இரு மடங்காக்கியது இந்தப் பழைய முள்ளே.

1514-ஆம் ஆண்டளவில் ஸ்ரீ சைதன்ய மகாபிரபு ராமகேலிக்கு எழுந்தருளினார். சகோதரர்கள் இரவு நேரத்தில், எளிய உடை தரித்து அவரைக் காணச் சென்று திருவடிகளில் வீழ்ந்தனர். தாங்கள் இழிந்தவர்கள், தீண்டத் தகாதவர்கள் என்று சொல்லி அழுதனர். மகாபிரபு அவர்களைத் தூக்கி நிறுத்தி, ரூபர் என்றும் சனாதனர் என்றும் பெயரிட்டுத் தம்மவராக ஏற்றார்.

பொய்யான நோய்

அதன்பின் இருவருக்கும் அரசப் பணி கசந்தது. ரூபர் முதலில் வெளியேறினார். சனாதனர் உடல்நலமில்லை என்று சொல்லி அவைக்குப் போகாமல் வீட்டிலேயே தங்கி, பண்டிதர்களுடன் அமர்ந்து ஸ்ரீமத் பாகவதத்தை ஆராயத் தொடங்கினார். சுல்தான் தம் மருத்துவரை அனுப்பினார். மருத்துவர் பரிசோதித்துவிட்டு, அமைச்சருக்கு நோய் ஏதுமில்லை என்று அறிவித்தார். சுல்தானே நேரில் வந்து வற்புறுத்தினார். ஒரிசாவின் மீது படையெடுக்க இருந்த சுல்தான் சனாதனரையும் உடன் வருமாறு அழைத்தார். கோயில்களுக்குத் தீங்கு நேரும் அந்தப் பயணத்தில் தாம் வர இயலாது என்று சனாதனர் மறுத்தார். சுல்தான் அவரைச் சிறையிலிட்டுச் சென்றார்.

ரூபர் புறப்படும் முன் கௌடத்து மளிகை வணிகர் ஒருவரிடம் 10,000 நாணயங்களை ஒப்படைத்திருந்தார். அதிலிருந்து 7,000 நாணயங்களைச் சிறைக் காவலருக்குக் கொடுத்து சனாதனர் விடுபட்டு, இரவோடு இரவாகக் கங்கையைக் கடந்தார். உடன் வந்த பணியாள் ஈசானன் எட்டுப் பொற்காசுகளை மறைத்து வைத்திருந்தான். மலைப்பாதையில் அந்தக் காசுகளுக்காகவே இருவரையும் கொல்லத் திட்டமிட்டிருந்த ஒரு நிலக்கிழாரிடம் சனாதனர் ஏழு காசுகளைத் தாமே கொடுத்து வழித்துணை பெற்றார். எஞ்சிய ஒரு காசை ஈசானனுக்கே கொடுத்து அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தனியே நடந்தார்.

காசியில் சந்திரசேகரர் என்ற அடியாரின் இல்லத்தில் மகாபிரபு தங்கியிருந்தார். தாடியும் மீசையும் வளர்ந்து, பக்கிரியைப் போன்ற கோலத்தில் வந்த சனாதனர் உள்ளே நுழையத் துணியாமல் வாசலிலேயே அமர்ந்துவிட்டார். வாசலில் ஒரு வைணவர் இருக்கிறார், அழைத்து வாருங்கள் என்று உள்ளிருந்தபடியே மகாபிரபு சொன்னார். வெளியே வந்து பார்த்த சந்திரசேகரருக்கு எந்த வைணவரும் தென்படவில்லை. ஒரு பக்கிரிதான் தென்பட்டார். மகாபிரபுவோ ஓடிவந்து அவரைத் தழுவிக்கொண்டார். தம்மைத் தொட வேண்டாம் என்று சனாதனர் தடுமாறினார். உருவத்தைக் காணும் கண் வேறு, உள்ளத்தைக் காணும் கண் வேறு என்பது அன்று வெளிப்பட்டது.

மைத்துனர் கொடுத்த விலையுயர்ந்த கம்பளம் ஒன்று அப்போது சனாதனரின் தோளில் இருந்தது. மகாபிரபுவின் பார்வை அதன்மீது படிவதைக் கண்டார். கங்கைக் கரையில் ஒருவரிடம் அதைக் கொடுத்து, மாற்றாக ஒரு கிழிந்த ஒட்டுப் போர்வையைப் பெற்று வந்தார். இரண்டு மாத காலம் காசியில் மகாபிரபு அவருக்குப் பக்தி தத்துவத்தை விரிவாக உபதேசித்து, பிருந்தாவனம் செல்லுமாறு பணித்தார்.

மெய்யான நோய்

சில காலம் விரஜ பூமியில் வாழ்ந்த பின், மகாபிரபுவைக் காணும் ஆவலால் சனாதனர் ஜகந்நாத புரியை நோக்கித் தனியே புறப்பட்டார். வழி ஜாரிகண்டக் காடு. சில நாள் பட்டினி. சில நாள் கிடைத்ததை மென்று பசியாற்றினார். காட்டின் கெட்ட நீரும் பட்டினியும் சேர்ந்து அவருடைய உடலைத் தாக்கின. மேனியெங்கும் அரிப்பு எடுத்தது. சொறிந்த இடமெல்லாம் புண்ணாகி நீர் வடிந்தது. ஒரு காலத்தில் நோய் என்று பொய் சொல்லி அரசரிடமிருந்து விலகியவர் இப்போது மெய்யான நோயைச் சுமந்துகொண்டு குருவை நாடி நடந்தார்.

நடந்து செல்கையில் அவர் மனத்தில் ஓடிய எண்ணங்களைக் கவிராஜர் வரிசையாகத் தருகிறார். தாம் குலத்தால் தாழ்ந்தவர். இப்போது உடலும் பக்திக்கு உதவாததாகிவிட்டது. புரியில் கோயிலுக்குள் செல்லத் தமக்குத் தகுதியில்லை. மகாபிரபு தங்கியிருப்பதோ கோயிலுக்கு அருகில். அந்த வழியில் ஜகந்நாதரின் சேவகர்கள் ஓயாமல் நடமாடுவர். தம் உடல் அவர்கள்மீது பட்டுவிட்டால் பெரும் அபசாரம். ஆகவே காண வந்தவரைக்கூடச் சென்று காண இயலாது. இந்த உடல் எதற்கு? ரத யாத்திரை நாளில் மகாபிரபுவின் கண்ணெதிரே ஜகந்நாதரின் தேர்ச் சக்கரத்தின் கீழ் விழுந்து இதை விட்டுவிடலாம். இவ்வாறு அவர் உறுதி செய்துகொண்டார்.

இந்த எண்ண ஓட்டத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும். அரிப்பும் வலியும் தாங்காமல் சனாதனர் சாகத் துணியவில்லை. தாம் பிறர்மீது பட்டுவிடக்கூடாதே என்ற அச்சம், தம்மால் பிறருக்குத் தீட்டு என்ற கூச்சம், தாம் எதற்கும் பயன்படாதவர் என்ற முடிவு ஆகிய மூன்றே அவரைத் தேர்ச் சக்கரம்வரை இழுத்துச் சென்றன. பிற நோய்கள் உடலுக்குள் மறைந்திருக்கும். தோல் நோயோ பிறர் கண்ணுக்கு முன்னால் நிற்கும். நோயுற்றவர் தம் உடலைப் பிறர் கண்களால் பார்க்கத் தொடங்குகிறார். பிறர் முகம் சுளிக்கும் முன்பே தாமே முகம் சுளித்துக்கொள்கிறார். வேதாந்தம் கற்ற மேதையையும் இது விட்டுவைக்கவில்லை.

ஹரிதாசரின் குடிலில்

வைசாக மாதத்தில் புரியை அடைந்த சனாதனர் நேரே ஹரிதாச தாகூரின் குடிலைத் தேடிச் சென்றார். இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்து நாமஜபத்தில் தோய்ந்த ஹரிதாசரும் கோயிலுக்குள் செல்வதில்லை. இருவரும் தொலைவிலிருந்து கோபுரத்தின் உச்சியிலுள்ள சக்கரத்தைக் கண்டு வணங்குவர். அந்தக் குடில் இருந்த இடமே இன்று சித்த பகுளம் என்ற பெயரில் போற்றப்படுகிறது.

நாள்தோறும் ஹரிதாசரைக் காண வரும் மகாபிரபு அன்றும் வந்தார். ஹரிதாசர் சனாதனரைச் சுட்டிக் காட்டினார். மகாபிரபு இரு கைகளையும் விரித்துக்கொண்டு முன்னே வந்தார். சனாதனர் பின்வாங்கினார். தம்மைத் தொட வேண்டாம் என்று கெஞ்சினார். மகாபிரபு கேட்கவில்லை, இழுத்து அணைத்துக்கொண்டார். புண்ணில் வடிந்த நீர் அவருடைய பொன்மேனியில் பட்டது. சனாதனருக்கு அந்த அணைப்பு ஆனந்தமாகவும் இருந்தது, நெருப்பாகவும் சுட்டது.

பின்னர் மகாபிரபு குடும்பச் செய்திகளைச் சொன்னார். ரூபர் பத்து மாதம் புரியில் தங்கியிருந்து, பத்து நாட்களுக்கு முன்புதான் வங்கத்துக்குப் புறப்பட்டிருந்தார். இளையவர் அனுபமர் உயிர் நீத்துவிட்டார். நோயுடன் வந்தவருக்குத் தம்பியின் மறைவும் சேர்ந்தது. ஹரிதாசருடனேயே தங்குமாறு மகாபிரபு பணித்தார். தம் பணியாளர் கோவிந்தன் மூலம் இருவருக்கும் நாள்தோறும் பிரசாதம் அனுப்பினார்.

இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. இந்த அணைப்பு ஒரு நாளோடு நிற்கவில்லை. மகாபிரபு வரும்போதெல்லாம் தழுவினார். புண்கள் ஆறியபின் அணைக்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை.

உடல் யாருக்குச் சொந்தம்?

தேர்ச் சக்கர எண்ணத்தைச் சனாதனர் எவரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஒருநாள் மகாபிரபு திடீரென்று அதைப் பற்றியே பேசத் தொடங்கினார். உடலை விடுவதால் கண்ணனை அடைய முடியுமாயின் ஒரு நொடியில் கோடி உடல்களை விட்டுவிடத் தாமும் சித்தமாயிருப்பதாகக் கூறினார். பஜனையால் அன்றி உடலை மாய்ப்பதால் கண்ணனை எவரும் அடைந்ததில்லை என்றும், அத்தகைய எண்ணம் தமோ குணத்தில் பிறப்பது என்றும் விளக்கினார். பஜனைக்குக் குலமோ செல்வமோ கல்வியோ தடையும் அல்ல, தகுதியும் அல்ல. தாழ்ந்தவர் என்று தம்மை எண்ணுபவரிடமே இறைவனின் கருணை மிகுதியாகப் பாயும் என்றார்.

சனாதனர் வியந்து நின்றார். இழிந்த தம்மை உயிரோடு வைத்திருப்பதால் பிரபுவுக்கு என்ன பயன் என்று கேட்டார். அதற்கு மகாபிரபு ஒரு புதிய கணக்கைச் சொன்னார். சரணடைந்த நாளிலேயே இந்த உடல் தமக்கு உரிமையாகிவிட்டது. பிறர் பொருளை அழிக்கச் சனாதனருக்கு என்ன உரிமை? இந்த உடலைக்கொண்டு தாம் செய்ய வேண்டிய காரியங்கள் பல உள்ளன. பக்தி நெறியின் தத்துவத்தை நிலைநாட்ட வேண்டும். வைணவர்களின் ஒழுக்கத்தை வகுக்க வேண்டும். மறைந்துபோன விரஜ தீர்த்தங்களை மீட்க வேண்டும். இவற்றையெல்லாம் செய்யத் தேர்ந்தெடுத்த கருவியை உடைத்துவிடுவது நியாயமா என்று கேட்டார்.

புண் அழகாயிருக்கிறது என்றோ, அது ஒரு பொருட்டே அல்ல என்றோ மகாபிரபு ஆறுதல் சொல்லவில்லை. அந்தப் புண்ணுடனேயே அந்த உடல் தேவைப்படுகிறது என்று சொன்னார். பயனற்றவர் என்று தம்மைத் தள்ளி வைத்தவருக்கு இதைவிடப் பெரிய மருந்து இல்லை. தேர்ச் சக்கர எண்ணம் அன்றோடு கைவிடப்பட்டது.

சுடுமணலில் ஒரு நடை

உயிரை விடும் எண்ணம் நீங்கினாலும் கூச்சம் நீங்கவில்லை. ஜ்யேஷ்ட மாதத்தில் ஒருநாள் யமேசுவரத் தோட்டத்தில் இருந்த மகாபிரபு நண்பகல் உணவுக்குச் சனாதனரை அழைத்தார். கோயிலின் சிங்க வாயில் வழியாக வந்தால் நிழல் உண்டு, குளிர்ச்சி உண்டு. சனாதனர் அவ்வழியை விடுத்துக் கடற்கரை மணலில் நடந்து வந்தார். உச்சி வெயிலில் கொதித்த மணல் பாதங்களைக் கொப்புளமாக்கியது. அழைக்கப்பட்ட மகிழ்ச்சியில் அது அவருக்குத் தெரியவே இல்லை.

எந்த வழியாக வந்தீர் என்று மகாபிரபு கேட்டபோது, சிங்க வாயிலில் நடமாடும் சேவகர்கள்மீது தம் உடல் படக்கூடாது என்பதால் கடற்கரை வழியைத் தேர்ந்ததாகச் சொன்னார். பிறர் மரியாதையைக் காக்கும் அந்தப் பணிவை மகாபிரபு மனமாரப் போற்றினார். போற்றிய கையோடு, அந்தப் புண்பட்ட மேனியை மீண்டும் தழுவினார். சனாதனர் எவரைத் தொடவும் அஞ்சி விலகி நடந்தாரோ, அதே நாளில் அவரைத் தேடித் தொட்ட கைகளும் இருந்தன.

நல்லெண்ணத்தின் அறிவுரை

மறுநாள் ஜகதானந்த பண்டிதர் சனாதனரைப் பார்க்க வந்தார். அவர் மகாபிரபுவிடம் பேரன்பு கொண்டவர், நல்லுள்ளம் படைத்தவர். அவரிடம் சனாதனர் தம் மனத்தைத் திறந்தார். துயர் தீர வந்த இடத்தில் துயர் மிகுந்துவிட்டது. எவ்வளவு தடுத்தும் பிரபு தம்மை அணைக்கிறார். தம் புண்ணின் நீர் அவர் மேனியில் படுகிறது. இந்தக் குற்றத்திலிருந்து தப்ப வழி தெரியவில்லை என்று புலம்பினார். ரத யாத்திரையைத் தரிசித்துவிட்டுப் பிருந்தாவனத்துக்கே திரும்பிவிடுவது நல்லது என்று ஜகதானந்தர் அறிவுரை கூறினார்.

மகாபிரபு வந்தபோது சனாதனர் தொலைவிலேயே விழுந்து வணங்கினார். அழைத்தும் அருகே வரவில்லை. மகாபிரபுவே சென்று வலிந்து அணைத்தார். அப்போது சனாதனர் விடைபெறும் எண்ணத்தையும் ஜகதானந்தரின் அறிவுரையையும் தெரிவித்தார். மகாபிரபுவுக்குக் கோபம் மூண்டது. சனாதனருக்கே அறிவுரை சொல்லும் அளவுக்கு ஜகதானந்தன் வளர்ந்துவிட்டானா என்று கடிந்தார்.

ஜகதானந்தர் தீய எண்ணத்தில் எதுவும் சொல்லவில்லை. நோயாளியின் கூச்சத்தைக் கண்டு, அவருக்கு வசதியான வழியைக் காட்டினார். ஆயினும் அந்த வழி அவரைத் தனிமைக்கே அனுப்பும். நோயுற்றவரை ஒதுக்கும் காரியம் வெறுப்பால் மட்டும் நடப்பதில்லை. விருந்துக்கு வந்தால் உனக்குத்தான் சங்கடம், திருமணத்துக்கு வராமல் வீட்டிலேயே ஓய்வெடு என்று கனிவோடு சொல்லப்படும் சொற்களாலும் நடக்கிறது. மகாபிரபுவின் கோபம் அந்தக் கனிவின் மீது பாய்ந்தது.

அப்போது சனாதனர் கண்ணீர் மல்கச் சொன்னது இந்த வரலாற்றின் மிக நுட்பமான இடம். ஜகதானந்தரைக் கடிந்துகொள்வதன் மூலம் அவருக்கு உறவின் அமுதத்தை ஊட்டுவதாகவும், தம்மைப் புகழ்ந்து மரியாதை காட்டுவதன் மூலம் தமக்கு வேப்பஞ்சாற்றைப் புகட்டுவதாகவும் அவர் முறையிட்டார். சொந்தக்காரனைத்தான் திட்ட முடியும், அயலானுக்குத்தான் மரியாதை. நோயுற்றவர் விரும்புவது இரக்கமும் தனி மதிப்பும் அல்ல, வீட்டில் ஒருவராகக் கருதப்படுவதே.

மகாபிரபு நெகிழ்ந்தார். தாம் துறவி, சந்தனமும் சேறும் தமக்கு ஒன்றாகவே இருக்க வேண்டும், வெறுத்தால் தம் தர்மமே கெடும் என்றார். அதைவிடவும் ஒருபடி மேலே சென்று, குழந்தையின் மலமும் சளியும் மேலே படும்போது தாய் அருவருப்பதில்லை. அப்படியே சனாதனரின் புண்நீர் தமக்கு அருவருப்பூட்டவில்லை என்றார். முதல்நாள் அணைத்தபோதே அந்த மேனியில் சந்தனமும் கற்பூரமும் அகிலும் கஸ்தூரியும் கலந்த நறுமணத்தையே தாம் உணர்ந்ததாகக் கூறினார். அந்த ஆண்டு முழுவதும் தம்முடன் இருக்கச் சொல்லி மீண்டும் அணைத்தார். புண்கள் மறைந்து சனாதனரின் மேனி பொன்போல் ஒளிர்ந்தது என்று கவிராஜர் எழுதுகிறார்.

மகாபிரபு தென்னாட்டு யாத்திரையின்போது கூர்ம க்ஷேத்திரத்தில் வாசுதேவர் என்ற தொழுநோயுற்ற அந்தணரைத் தழுவி நலம் அளித்த வரலாறும் இதே நூலில் உண்டு. அங்கு ஒரே அணைப்பில் நோய் நீங்கியது. சனாதனருக்கோ பல அணைப்புகளுக்குப் பின்னரே நீங்கியது. அந்த இடைக்காலமே நமக்குப் பாடமாகிறது. உடல் நலமாகும் முன்பே உள்ளம் நலமாக வேண்டியிருந்தது.

பிருந்தாவனத்தின் பெருந்தவம்

அடுத்த டோல யாத்திரைவரை புரியில் தங்கியபின் சனாதனர் பிருந்தாவனம் திரும்பினார். தேர்ச் சக்கரத்தின் கீழ் விழ இருந்த அந்த உடல் அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் உழைத்தது. மரத்தடியில் உறங்கி, வீடுவீடாகப் பிச்சையேற்று, உலர்ந்த ரொட்டியை உண்டு, கிழிந்த போர்வையைப் போர்த்திய நிலையில் அவர் நூல்களை இயற்றினார். பக்தியின் படிநிலைகளைக் கதை வடிவில் விளக்கும் பிருஹத் பாகவதாம்ருதம், பாகவதத்தின் பத்தாம் கந்தத்துக்கு உரையான வைஷ்ணவ தோஷணி ஆகியவை அவருடைய பெருநூல்கள். வைஷ்ணவ தோஷணி நிறைவுற்றது 1554-ஆம் ஆண்டில். வைணவ ஆசாரங்களைத் தொகுத்த ஹரி பக்தி விலாசத்தில் அவருடன் இணைந்தவர் கோபால பட்ட கோஸ்வாமி. இவர் திருவரங்கத்து வேங்கட பட்டரின் மகன். மகாபிரபு சாதுர்மாஸ்யத்தின்போது திருவரங்கத்தில் அவர்கள் இல்லத்தில் தங்கியிருந்தார். கர்நாடக வேரும் காவிரிக் கரையின் கிளையும் யமுனைக் கரையில் இவ்வாறு சந்தித்தன.

யமுனைக் கரை மேட்டில் ஸ்ரீ மதனமோகனரைப் பிரதிஷ்டை செய்து வழிபட்டார். மறைந்திருந்த பல தீர்த்தங்களை அடையாளம் கண்டார். முதுமையிலும் நாள்தோறும் கோவர்த்தன மலையை வலம் வந்தார். 1558-ஆம் ஆண்டளவில் ஆஷாட பௌர்ணமியன்று அவர் உடலை நீத்தபோது, விரஜ பூமி மக்கள் தந்தையை இழந்தவர்களைப் போலத் தலையை மழித்துக்கொண்டு கோவர்த்தனத்தை வலம் வந்தனர் என்பது மரபு. அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. குரு பூர்ணிமையை அங்கு முடியா பூர்ணிமை என்றே அழைக்கின்றனர். தம்மைத் தொட்டால் தீட்டு என்று அஞ்சியவரின் சமாதியை இன்று மக்கள் தொட்டு வணங்குகின்றனர்.

இன்று நாம் செய்ய வேண்டியது

ஐந்நூறு ஆண்டுகள் கடந்த பின்னும் சனாதனர் நடந்த சுடுமணல் ஆறவில்லை. பெங்களூரு போன்ற பெருநகரில், கோடையிலும் முழுக்கைச் சட்டை அணிந்து அலுவலகம் செல்பவர்கள் இருக்கிறார்கள். பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாகவே இருப்பதைக் கவனிப்பவர்கள், வெண்புள்ளியால் திருமணப் பேச்சு முறிந்தவர்கள், பிரசாதத்துக்குக் கை நீட்டத் தயங்குபவர்கள் என்று அந்த மணலில் நடப்போர் பலர்.

வெண்புள்ளியும் சொரியாசிஸும் தொட்டால் ஒட்டுபவை அல்ல. சிரங்கு தொற்றக்கூடியதே ஆயினும் மருந்தால் எளிதில் தீரும். தொழுநோய்க்கு 1981-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. சிகிச்சை தொடங்கியதும் பரவும் தன்மை விரைவில் நீங்குகிறது. தொழுநோயாளரைப் பிரித்து வைக்க வகைசெய்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல் நீக்கப்பட்டது. தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாகக் காட்டும் விதி 2019-இல் அகற்றப்பட்டது. சொரியாசிஸ் உள்ளவர்கள் ஒதுக்கப்படுவதை எதிர்த்து உலக சுகாதாரப் பேரவை 2014-இல் தீர்மானம் நிறைவேற்றியது. சட்டம் திருந்தியிருக்கிறது. முகத்தில் தோன்றும் சுளிப்பைத் திருத்துவது நம் கையில் இருக்கிறது.

புண்ணை நீக்கும் ஆற்றல் மகான்களுக்கு உரியது, மருத்துவருக்கும் உரியது. அதற்கு முந்தைய செயல்கள் நம் அனைவருக்கும் இயலும். சத்சங்கத்தில் அருகே அமர்வது, கையால் பிரசாதம் தருவது, பொறுப்பான பணி ஒன்றை ஒப்படைப்பது, தனிமைக்கு அனுப்பும் அறிவுரைகளைச் சொல்லாதிருப்பது ஆகியவை அவை. நோயின் பாரத்தால் வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எழுந்தால், அதை ஒரு ஹரிதாசரிடமாவது சொல்லிவிட வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தைத் தலைமை மையமாகக் கொண்டு 2022-இல் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி, தமிழிலும் கன்னடத்திலும் அழைக்கலாம்.

சனாதனரின் உடல் தம்முடையது என்று மகாபிரபு உரிமை கொண்டாடினார். நம் அருகில் கூசி நிற்கும் ஒருவரிடம் அந்த உரிமையை நாமும் கொண்டாடுவோமாயின், அதுவே அந்த மகானுக்கு நாம் செய்யும் வழிபாடு.